குடும்பத்தைச் சுமந்த விரைவு வண்டி

இல்லறத்தான் ஒருவன் மோட்டார் வண்டி வாங்க எண்ணும்போது, அவன் உள்ளத்தில் இருவர் வழக்காடுவர். ஒருவன் குடும்பத் தலைவன். தாய் தந்தையர் சாய்ந்து அமர இடமும், மக்கள் கால் நீட்ட வசதியும், பெட்டி படுக்கையும் அரிசி மூட்டையும் வைக்கப் பின்புறத்தில் அகலமும் வேண்டும் என்பான் அவன். மற்றவன் இளமை நீங்காத ஆர்வலன். வண்டி விரைந்து ஓட வேண்டும், வளைவில் நிலைகுலையாது நிற்க வேண்டும், மேட்டில் மூச்சு வாங்கலாகாது என்பான் இவன். இவ்விருவருக்கும் ஒரே வண்டியில் இடமில்லை என்று உலகம் நெடுங்காலம் நம்பி வந்தது. குடும்பத்திற்கு ஒரு வண்டி, விரைவுக்கு வேறொரு வண்டி என்பதே அன்றைய வழக்கு. இரண்டு வண்டி வாங்க இயலாதவன் தன் உள்ளத்து ஆர்வலனை வாயடைத்து வைத்தான்.

அந்நம்பிக்கை தகர்ந்த கதையே இக்கட்டுரையின் பொருள். நீண்ட கூரையும் பின்கதவும் கொண்ட வாகன் என்னும் வண்டி எங்கே பிறந்தது, விரைவை விரும்புவோர் அதன்மீது எவ்வாறு காதல் கொண்டனர், நம் நாட்டில் அது ஏன் தோற்றது, தோற்றபின் எவ்வுருவில் நம் வாயிலுக்கே வந்து நின்றது என்பவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காண்போம். பிறந்த ஊரை விட்டு வந்து, ஆண்டுதோறும் பொங்கலுக்கும் திருமணங்களுக்கும் மூட்டை முடிச்சுகளோடு ஊர் சென்று மீளும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இக்கதை வெறும் பொழுதுபோக்கன்று.

புகைவண்டி நிலையம் தந்த பெயர்

ஸ்டேஷன் வாகன் என்னும் பெயரிலேயே அதன் பிறப்பிடம் எழுதப்பட்டிருக்கிறது. அப்பெயரில் உள்ள ஸ்டேஷன் புகைவண்டி நிலையமே. ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்க்கும் நாம் இதனைச் சற்றுப் பெருமையோடே கூறிக்கொள்ளலாம். அமெரிக்க நகரங்களில் புகைவண்டியிலிருந்து இறங்கும் பயணிகளையும் அவர்தம் பெட்டிகளையும் ஒருங்கே ஏற்றிச் செல்லக் குதிரை வண்டிகள் நிலைய வாயிலில் காத்திருந்தன. மோட்டார் யுகம் பிறந்ததும், போர்டு நிறுவனத்தின் டி மாடல் வண்டியின் அடிச்சட்டத்தின்மேல் தச்சர்கள் மரக்கூண்டு கட்டி அதே வேலைக்குப் பயன்படுத்தினர். 1929-ஆம் ஆண்டில் போர்டு நிறுவனம் தன் ஏ மாடல் வரிசையில் ஸ்டேஷன் வாகனையும் சேர்த்துத் தானே விற்கத் தொடங்கிற்று.

நமக்கும் இக்காட்சி புதிதன்று. 1864-ஆம் ஆண்டில் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர்க் கண்டோன்மெண்டிற்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது. தண்டு என்று மக்கள் வழங்கிய அந்நிலையத்தின் வழியே நம் முன்னோர் பலர் இந்நகரில் கால் வைத்தனர். அவர்களையும் அவர்தம் தகரப் பெட்டிகளையும் சுமந்து சென்ற ஜட்கா வண்டிக்கும், அமெரிக்க நிலையத்து வாயிலில் நின்ற வண்டிக்கும் வேலை ஒன்றே. ஆளையும் சுமையையும் பிரிக்காமல் ஏற்றிச் செல்வதே அவ்வேலை.

மரக்கூண்டு வண்டிகளுக்குப் பராமரிப்பு மிகுதி. மழையிலும் வெயிலிலும் மரம் உப்பும், வெடிக்கும். ஆண்டுதோறும் மெருகெண்ணெய் பூசவேண்டும். 1946-ஆம் ஆண்டில், போரில் புகழ்பெற்ற ஜீப்பை உருவாக்கிய வில்லிஸ் நிறுவனம், புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் என்னும் வடிவமைப்பாளரைக் கொண்டு முழுவதும் எஃகுத் தகட்டாலான ஸ்டேஷன் வாகனை வெளியிட்டது. அதன் பின்னரே இவ்வகை வண்டி நடுத்தரக் குடும்பங்களின் முற்றத்தில் பரவலாக நிற்கத் தொடங்கிற்று. இங்கிலாந்தில் இதனை எஸ்டேட் கார் என்றனர். பெருநிலக்கிழார்கள் தம் பண்ணைகளில் ஆளையும் பொருளையும் கொண்டு செல்லப் பயன்படுத்தியதால் வந்த பெயர் அது.

இருபணி ஆற்றிய ஒரு வண்டி

1953-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு வால்வோ நிறுவனம் டூயட் என்னும் வாகனை வெளியிட்டது. இருவர் இணைந்து பாடும் பாட்டிற்கு வழங்கும் பெயர் அது. கிழமை நாட்களில் கடைச்சரக்கு ஏற்றவும், விடுமுறையில் குடும்பத்தை அழைத்துச் செல்லவும் ஒரே வண்டி என்பது கருத்து. 1969 வரை அது உற்பத்தியில் இருந்தது. அதே நிறுவனத்தில் நீல்ஸ் பூலின் என்னும் பொறியாளர் 1959-இல் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிணைக்கும் மும்முனை இருக்கைப் பட்டையை உருவாக்கினார். அதன் உரிமையைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்த வால்வோ திறந்து விட்டது. இன்று நாம் ஏறும் ஒவ்வொரு காரிலும் உள்ள பட்டை அதுவே.

இத்தகைய குடும்ப வண்டியைப் பந்தயத் திடலில் காண யார் எதிர்பார்த்திருப்பர்? 1994-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத் தொடரில் வால்வோ நிறுவனம் தன் 850 எஸ்டேட் வண்டிகள் இரண்டை இறக்கிற்று. ரிக்கார்டு ரைடல், யான் லாமர்ஸ் ஆகிய இருவரும் அவற்றை ஓட்டினர். மளிகைச் சாமான் ஏற்றும் வண்டி பந்தயக் கார்களோடு ஓடுகிறதே என்று கூட்டம் நகைத்தது. அவர்களும் அந்நகைப்பிற்கு ஈடுகொடுத்து, பந்தயத்திற்கு முந்தைய அணிவகுப்புச் சுற்று ஒன்றில் பெரிய நாய் பொம்மை ஒன்றைப் பின்புறத்தில் ஏற்றி வந்தனர். அவ்வண்டி ஒரு வெற்றியும் பெறவில்லை. மறு ஆண்டே நிறுவனம் வாகனைக் கைவிட்டு, டிக்கி வைத்த செடான் உருவிற்கு மாறிற்று. ஆயினும் முதலிடம் பெற்ற வண்டிகளின் பெயரை மறந்தோரும் அந்த நீண்ட கூரை வண்டியை இன்றளவும் மறக்கவில்லை.

அதே 1994-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஆடி நிறுவனம், பந்தயக் கார்களுக்குப் பெயர்போன போர்ஷே நிறுவனத்தின் துணையுடன் ஆர்.எஸ்.2 அவாந்த் என்னும் வாகனை வெளியிட்டது. 2.2 லிட்டர் கொள்ளளவும் ஐந்து சிலிண்டரும் கொண்ட அதன் எஞ்சின் 315 குதிரைச் சக்தி அளித்தது. மணிக்கு 262 கிலோமீட்டர் வரை அவ்வண்டி ஓடிற்று. கட்டப்பட்டவை மூவாயிரத்திற்கும் குறைவு. அதன்பின் விரைவு வாகன் என்பது ஐரோப்பாவில் ஒரு தனிக்குலமாயிற்று. அவ்வழி வந்த ஆர்.எஸ்.6 அவாந்த் 2015-ஆம் ஆண்டில் நம் நாட்டிற்கும் விற்பனைக்கு வந்தது. அதன் விலை கோடி ரூபாயைத் தாண்டியது. நம் போன்றோர் அதனைச் சாலையில் கண்டு மகிழலாம், அவ்வளவே.

வாகன் வண்டியை விரைவு விரும்பிகள் நேசித்ததற்குத் தக்க காரணம் உண்டு. வாகனின் அடித்தளம், சக்கரம், எஞ்சின் யாவும் அதே வரிசையின் சாதாரணக் காருக்கு உரியவை. கூரையைப் பின்னோக்கி நீட்டுவதால் கூடும் எடை சிறிது. வண்டியின் உயரம் கூடுவதில்லை. எடையின் மையம் தரையை ஒட்டித் தாழ்வாகவே இருக்கிறது. எனவே வளைவில் திரும்பும்போது உயரமான ஜீப் வகை வண்டியைப் போல் அது சாய்வதில்லை. எடை நன்கு பகிரப்பட்ட புகைவண்டிப் பெட்டி பாதையில் அமைதியாக ஓடுவதையும், மேலே பாரம் ஏறிய லாரி வளைவில் தள்ளாடுவதையும் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. சாதாரணக் கார் செய்வதனைத்தையும் செய்து, அதற்குமேல் ஒரு குடும்பத்தின் சாமானையும் ஏற்றிக்கொள்கிற வண்டி, அறிவுடையார் மனத்தைக் கவர்ந்ததில் வியப்பில்லை.

நம் நாட்டில் வாகன் பட்ட பாடு

இனி நம் நாட்டிற்கு வருவோம். சென்னையை அடுத்த பெருங்களத்தூர், வண்டலூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தை மூத்தோர் நினைவில் வைத்திருப்பர். இங்கிலாந்தின் கவென்ட்ரி நகர் ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் கூட்டுறவோடு எழுந்தது அது. வான்கார்டு, ஸ்டாண்டர்டு டென், 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய கார்கள் அங்கே உருவாயின. கம்பானியன் என்னும் பெயரில் வாகன் உருவும் கட்டப்பட்டது. கம்பானியன் என்றால் துணைவன். நல்ல பெயர்தான். ஆயினும் அதற்கு மிகுதியான துணைவர் கிடைத்திலர்.

அந்நிறுவனத்தின் இறுதி முயற்சியில் ஒரு படிப்பினை உண்டு. 1985-ஆம் ஆண்டில் அது ஸ்டாண்டர்டு 2000 என்னும் காரை வெளியிட்டது. இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 என்னும் காரின் உடலமைப்பு அது. சாய்ந்த கூரையும், மேல்நோக்கித் திறக்கும் பெரிய பின்கதவும், மடங்கும் பின்னிருக்கையும் கொண்டது. குடும்பமும் சுமையும் விரைவும் ஒன்றுசேரத்தக்க உருவம். இங்கிலாந்தில் அதற்கு 3.5 லிட்டர் கொள்ளளவுள்ள எட்டு சிலிண்டர் எஞ்சின் பொருத்தப்பட்டது. 1977-ஆம் ஆண்டின் சிறந்த ஐரோப்பியக் கார் என்னும் விருதும் கிட்டியது. இங்கோ, பழைய வான்கார்டு காலத்து எஞ்சினைச் சீர்செய்து அதனுள் வைத்தனர். உடல் புதிது, இதயம் பழையது. விலையோ மிகுதி. மூன்றாண்டுகளில் அக்காரின் கதை முடிந்தது. இடவசதி மட்டும் இருந்து விரைவு இல்லையேல் வாங்குவோர் மனம் நிறையாது என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே கிடைத்த சான்று இது.

1992-ஆம் ஆண்டில் புனேயிலிருந்து டாடா நிறுவனம் டாடா எஸ்டேட் என்னும் வாகனை வெளியிட்டது. ஏறத்தாழ 2 லிட்டர் டீசல் எஞ்சினும், 68 குதிரைச் சக்தியும் கொண்டது. பொத்தானை அழுத்தினால் இறங்கும் கண்ணாடி முதலிய வசதிகள் அந்நாளில் பெருவியப்பு. அழகிய வண்டி. ஆயினும் அதன் பருமனுக்கு அந்த எஞ்சின் போதவில்லை. சில ஆண்டுகளில் அதுவும் விடைபெற்றது.

அடுத்து வந்த வண்டியே இக்கட்டுரைக்கு மிகவும் வேண்டியது. 1999-இல் மாருதி நிறுவனம் பலேனோ என்னும் செடான் காரை நம் நாட்டில் வெளியிட்டது. இன்று அதே பெயரில் விற்கும் சிறு காரோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. அதன் வாகன் உருவம் ஆல்டுரா எனப் பெயர் பெற்றது. செடானில் இருந்த அதே 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் ஆல்டுராவிலும் இருந்தது. 90 குதிரைச் சக்திக்குச் சற்று மேற்பட்ட திறன். எடையோ குறைவு. அந்நாளில் இவ்விலையில் இத்தனை இடமும் இத்தனை ஓட்டமும் ஒருங்கே தந்த வண்டி அரிது. அக்காலத்தை ஒட்டியே பியட் நிறுவனத்தின் சியென்னா வீக்கெண்டு, ஓப்பல் நிறுவனத்தின் கோர்ஸா ஸ்விங், ஸ்கோடா நிறுவனத்தின் ஆக்டேவியா கோம்பி, 2004-இல் டாடா இண்டிகோ மரீனா எனப் பல வாகன்கள் வந்தன. ஒன்றேனும் நிலைத்ததா? இல்லை. 2007-இல் பலேனோவின் இடத்தை வேறொரு கார் பிடித்தபோது ஆல்டுராவும் கடைவீதியிலிருந்து மறைந்திருந்தது.

ஏன் தோற்றது?

நல்ல வண்டிகள் தோற்றமைக்கு மூன்று காரணங்கள் கூறலாம்.

முதலாவது, கௌரவம். நம் நாட்டில் கார் என்பது பின்னால் டிக்கி நீட்டிக்கொண்டிருக்கும் செடான் என்றே பல்லாண்டு எண்ணப்பட்டது. டிக்கி இல்லாத நீண்ட வண்டியைக் கண்டால் மருத்துவமனை வண்டி என்றும், அமரர் ஊர்தி என்றும், சரக்கு வண்டி என்றும் சொல்வோர் இருந்தனர். திருமண வீட்டு வாயிலில் நிறுத்தத் தக்கது எதுவோ அதுவே நல்ல கார் எனக் கொண்டனர். ஆண்டில் 300 நாள் எதனைச் சுமக்கப் போகிறோம் என்று எண்ணியோர் சிலரே.

இரண்டாவது, விலை. அதே வரிசையின் செடானைவிட வாகனுக்குப் பெரும்பாலும் விலை கூடுதல். மதிப்புக் குறைவாகக் கருதப்படும் உருவத்திற்குக் கூடுதல் பணம் கொடுக்க யார் முன்வருவர்?

மூன்றாவது, வரி. 2006-ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கையில், 4 மீட்டருக்கு உட்பட்ட நீளமும் சிறிய எஞ்சினும் கொண்ட கார்களுக்கு உற்பத்தி வரி 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அதன்பின் நிறுவனங்கள் வண்டியை 4 மீட்டருக்குள் சுருக்குவதிலேயே கருத்துச் செலுத்தின. கூரையை நீட்டுவதே வாகனின் இலக்கணம். நீளத்திற்கு வரி என்றால் வாகன் எவ்வாறு பிழைக்கும்? டாடா நிறுவனமே 2008-இல் இண்டிகோவின் வாலைச் சுருக்கி 4 மீட்டருக்குள் அடக்கிய உருவம் ஒன்றை வெளியிட்டது. வாலை நீட்டிய மரீனாவுக்கு எதிர்காலம் இல்லாது போயிற்று.

பிடதியிலிருந்து வந்த விடை

வாகன் தோற்றது, ஆனால் வாகனின் தேவை தோற்கவில்லை. இதற்கு விடை நம் பெங்களூரின் வாயிலிலேயே, மைசூர்ச் சாலையில் உள்ள பிடதியில் பிறந்தது. 1997-இல் ஜப்பானின் டொயோட்டாவும் கிர்லோஸ்கர் குழுமமும் சேர்ந்து நிறுவனம் ஒன்றைத் தொடங்கின. 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் குவாலிஸ் என்னும் வண்டி அங்கிருந்து வெளிவந்தது. இந்தோனேசியாவில் 1977 முதல் மக்கள் வண்டியாக விளங்கிய கிஜாங் என்பதன் வழிவந்தது அது. அழகில் பெரிதாகச் சொல்வதற்கொன்றுமில்லை. 2.4 லிட்டர் டீசல் எஞ்சின், ஏறத்தாழ 75 குதிரைச் சக்தி. விரைவு வண்டி என்று அதனை யாரும் அழையார். ஆயினும் குடும்பம் முழுதும் ஏறலாம், பழுதின்றி ஓடும் என்னும் நம்பிக்கையை அது ஈட்டித் தந்தது.

2005-ஆம் ஆண்டில், நன்கு விற்றுக்கொண்டிருந்த குவாலிஸை நிறுத்திவிட்டு அந்நிறுவனம் இன்னோவாவை வெளியிட்டது. 2.5 லிட்டர் டீசல் எஞ்சின் 102 குதிரைச் சக்தி அளித்தது. இங்கேதான் நம் கதையின் இருவர் முதன்முறையாகக் கைகுலுக்கினர். எழுவர் எண்மர் அமர்ந்து, பின்னால் சாமானும் ஏற்றி, நெடுஞ்சாலையில் நாள் முழுதும் களைப்பின்றி ஓடும் வண்டி கிடைத்தது. 2016-இல் வந்த இன்னோவா கிரிஸ்டாவின் 2.8 லிட்டர் எஞ்சின் 174 குதிரைச் சக்தியைத் தொட்டது. 2022 நவம்பரில் இன்னோவா ஹைகிராஸ் அறிமுகமாயிற்று. லாரியைப் போன்ற தனி அடிச்சட்டத்தை நீக்கி, உடலும் சட்டமும் ஒன்றாய்க் காரைப் போலவே அமைந்தது அது. பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் இணைந்த வகையும் அதில் உண்டு. ஆக, உயரத்தில் வேறுபட்டாலும் நோக்கத்தில் அது பழைய வாகனை நோக்கியே திரும்பி வந்திருக்கிறது எனலாம். கௌரவம் என்னும் தடையையும் இன்னோவா தகர்த்தது. அமைச்சர் முதல் வாடகை வண்டி ஓட்டுநர் வரை யாவரும் ஏறும் வண்டிக்கு எந்த வீட்டு வாயிலில்தான் மதிப்பில்லை?

பெங்களூர் ஆர்வலரின் மனமாற்றம்

நம் பெங்களூர் மோட்டார் ஆர்வத்திற்குப் பெயர்பெற்ற நகர். கர்நாடக மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் கே-1000 என்னும் நெடுவழிப் பந்தயம் நாடறிந்தது. ஞாயிறு வைகறையில் நந்தி மலைச் சாலையில் வண்டிகள் வரிசையாய்ச் செல்வதைக் காணாதார் இல்லை. இவ்வார்வலரின் பேச்சு ஒரு காலத்தில் இரண்டு கதவு வண்டிகளையும், எஞ்சினைத் திருத்திய சிறு கார்களையும் சுற்றியே இருந்தது. ஆண்டுகள் சென்றன. இளைஞர் கணவராயினர், தந்தையாராயினர். பெற்றோர் முதுமையுற்றனர். ஆர்வம் மட்டும் முதுமையுறவில்லை. அப்போது அவர்கள் கண், முன்னர் தாமே புறக்கணித்த ஆல்டுராவின் மீதும், கோம்பியின் மீதும் திரும்பிற்று.

கடையில் புதிதாய் நின்றபோது எவரும் சீந்தாத வண்டியைப் பத்துப் பதினைந்து ஆண்டு கழித்துப் பழைய வண்டியாகத் தேடி அலைவது விந்தைதான். எஞ்சின் உறுப்புகள் செடானுக்கும் பொது ஆதலால் அவை கிடைக்கும். வாகனுக்கே உரிய பின்கதவுக் கண்ணாடி, பின்விளக்கு, உள்ளே சாமானை மறைக்கும் திரை ஆகியவற்றிற்காக ஜே.சி. சாலைக் கடைகளிலும் சிவாஜிநகரின் பழைய சாமான் கடைகளிலும் ஏறி இறங்க வேண்டும். கார் ஒன்றின் பதிவு 15 ஆண்டுக்குரியது. அதன்பின் சோதனைக்கு உட்படுத்திப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. எனவே ஆண்டுதோறும் சில வாகன்கள் உடைப்பாரிடம் சென்று சேர்கின்றன. மீந்திருப்பவை பொருளால் மட்டும் பிழைத்தவையல்ல, உரியவர் தம் அன்பினால் பிழைத்தவை.

புதிய வாகன் வேண்டுவோர்க்கு வழி குறுகியே இருந்தது. 2017-இல் வால்வோ நிறுவனம் வி90 கிராஸ் கன்ட்ரி என்னும் வாகனை நம் நாட்டில் விற்கத் தொடங்கிற்று. அதே ஆண்டில் நம் பெங்களூரை அடுத்த ஹொசக்கோட்டையில் வால்வோ கார்களைப் பொருத்தும் பணியும் தொடங்கியது. ஆயினும் அந்த வாகனின் விலை அப்போது 60 லட்சம் ரூபாயாக இருந்தது. டூயட் வண்டியைக் கடைக்காரனுக்கும் தச்சனுக்கும் விற்ற நிறுவனம், நம் நாட்டில் செல்வர்க்கு மட்டுமே வாகன் விற்றது காலத்தின் கோலம்.

விரைவு எதற்கு?

குடும்பத்தோடு செல்பவனுக்கு விரைவு எதற்கு என்று பெரியோர் கேட்பது நியாயமே. அதற்கு விடை கூறாமல் இக்கட்டுரையை முடித்தல் தகாது.

பிறந்த ஊரை விட்டு வாழ்வோர்க்கு ஓர் அச்சம் எப்போதும் உண்டு. நள்ளிரவில் தொலைபேசி மணி அடிக்கும் என்பதே அது. தந்தைக்கு நெஞ்சுவலி, தாய் நினைவிழந்தார் என்று செய்தி வரும். ரயில்வேயில் பணிபுரியும் நாம், அத்தகைய முகங்களை முன்பதிவுச் சாளரத்தின் முன்னே பன்முறை கண்டிருக்கிறோம். கடைசி வண்டி புறப்பட்டிருக்கும். அடுத்த வண்டியில் இடமிராது. ஐந்து பேருக்கு ஐந்து இடம் கேட்பவரிடம் காத்திருப்போர் பட்டியல் எண்ணைச் சொல்வதைவிடத் துயரமான பணி எழுத்தர்க்கு வேறில்லை. இங்கிருந்து மதுரை ஏறத்தாழ 430 கிலோமீட்டர். அதற்கப்பால் நெல்லையும் நாகர்கோவிலும் உள்ளன. அவ்விரவில் குடும்பம் முழுவதையும் ஏற்றிக்கொண்டு, விடியுமுன் ஊர் சேர்க்கும் வண்டி ஒன்று வாயிலில் நின்றால், அதன் எஞ்சினில் உள்ள ஒவ்வொரு குதிரைச் சக்திக்கும் பொருள் உண்டு. சுமையேற்றிய வண்டி லாரியைக் கடக்கும்போது தயங்காது முன்னேறுவதும், பிரேக்கை மிதித்ததும் நேர்க்கோட்டில் நிற்பதும் ஆடம்பரமல்ல, உயிர்க் காப்பு.

ஆனால் அதே விரைவு எமனாகவும் மாறும். 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குக் காட்டிற்று. ஒரு சிறு நகரமே ஓராண்டில் அழிந்ததற்கு ஒப்பாகும் இது. தருமபுரிக்கும் சேலத்திற்கும் இடையே தொப்பூர்க் கணவாயின் இறக்கத்தைக் கடந்தோர் யாவரும் உருக்குலைந்த வண்டிகளைக் கண்டிருப்பர். ஊரை நோக்கி ஓடும் அவசரத்தில் ஊர் சேராதார் பலர்.

ஆதலால் வாகன் வைத்திருப்போர் சிலவற்றை மனத்திற் கொள்ளுதல் நலம். மூன்றாம் வரிசையில் அமரும் சிறுவரும் இருக்கைப் பட்டை அணிய வேண்டும். வாகனில் இருக்கைக்கும் சாமானுக்கும் இடையே டிக்கிச் சுவர் இல்லை. திடீரென வண்டி நின்றால், கட்டாத தேங்காய் மூட்டையும் எவர்சில்வர் அண்டாவும் முன்னிருப்போர் தலையின்மீது பாய்ந்து வரும். கனமான பொருளைத் தாழ வைத்து, இருக்கையின் முதுகோடு ஒட்டிக் கட்டுதல் வேண்டும். பார்சல் அலுவலகத்தில் சுமையேற்றும் தொழிலாளர் கனத்தைக் கீழே வைத்து, மெல்லியதை மேலே வைப்பதும் இதே அறிவினால்தான். சுமை மிகும்போது சக்கரக் காற்றினைச் சற்றுக் கூட்டுமாறு வண்டியின் கதவோரம் ஒட்டிய குறிப்புக் கூறும். அதனைப் படிப்பவர் மிகச் சிலர். இரவு முழுதும் ஓட்டுபவர் இரண்டு மணிக்கொரு முறை இறங்கிக் கை கால் நீட்டுதல் வேண்டும். வண்டிக்குக் களைப்பில்லை, ஓட்டுபவர்க்கு உண்டு.

வாகனின் வரலாறு நமக்கு உணர்த்துவது ஒன்றுண்டு. ஒரு பொருளின் மதிப்பை அதன் வெளித்தோற்றத்தைக் கொண்டு அளந்த காலத்தில், குடும்பத்திற்கு ஏற்ற நல்ல வண்டிகள் பல நம் கண்முன்னே வந்து, நம் ஆதரவின்றி மறைந்தன. அது எதனைச் சுமக்கிறது, எத்தனை நம்பிக்கையோடு சுமக்கிறது என்று கேட்கத் தொடங்கியபோது அவற்றைப் பழைய சாமான் கடைகளில் தேட வேண்டியதாயிற்று. வண்டிக்குப் பொருந்தும் இவ்வுண்மை மனிதர்க்கும் பொருந்தாதா? இந்நகரில் பல்லாண்டாய்ப் பளபளப்பின்றி உழைத்து, இரு ஊர்களின் பொறுப்பையும் ஒருங்கே சுமந்து, அழைத்த நேரத்தில் விரைந்தோடும் நம் கொலனித் தந்தையரும் தாய்மாரும் அத்தகைய வாகன்களே அல்லரோ? அவர்தம் அருமையைக் காலம் கடந்து தேடாது, உடனிருக்கும்போதே போற்றுவோமாக.

சங்கத்தின் ஆண்டு விழாவிற்கு வருகை தரும் அன்பர் யாவரும் நலமே வந்து நலமே வீடு சேர்க!

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!